மீனுக்கு முன்பாக நீரைப் பழக்குதல்

புதிதாக மீன்தொட்டி வாங்கும் இல்லங்களில் ஒரு துயரம் ஏறத்தாழ ஒரே முறையில் நிகழ்ந்து வருகிறது. பிறந்தநாளையோ தேர்வு முடிவையோ முன்னிட்டு, குழந்தைக்கென ஒரு சனிக்கிழமை மாலை தொட்டி வாங்கப்படுகிறது. கடைக்காரர் தொட்டி, மணல், விளக்கு, காற்று மோட்டார் ஆகியவற்றுடன் பத்துப் பன்னிரண்டு மீன்களையும் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார். இரவுக்குள் தொட்டி நிரம்புகிறது, மீன்களும் விடப்படுகின்றன. முதல் இரண்டு நாள்கள் எல்லாம் நலமே. நான்காம் நாள் ஒரு மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஆறாம் நாள் ஒன்று மிதக்கிறது. பத்தாம் நாளுக்குள் பாதி மீன்கள் மடிந்துவிடுகின்றன. வீட்டார் நீர் முழுவதையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் புதிய மீன்களை வாங்கி விடுகின்றனர். மறுபடியும் அதுவே நிகழ்கிறது. மூன்றாம் முறைக்குப் பின் தொட்டி பரணுக்குப் போய்ச் சேர்கிறது. 'நமக்கு மீன் ராசி இல்லை' என்னும் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

ராசிக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை. கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்தார் என்பதும் பெரும்பாலும் உண்மையன்று. மீன்கள் தம் கழிவிலேயே நஞ்சூட்டப்பட்டு இறந்தன. அந்தக் கழிவை அகற்றக்கூடிய உயிர்கள் புதுத் தொட்டியில் இன்னும் குடியேறவில்லை என்பதே காரணம். புது மண்சட்டியை வாங்கிய அன்றே எவரும் குழம்பு வைப்பதில்லை. கஞ்சித் தண்ணீர் ஊற்றிச் சில நாள் பழக்கிய பின்னரே அடுப்பில் ஏற்றுகிறோம். கண்ணாடித் தொட்டிக்கும் அத்தகைய பழக்கும் காலம் ஒன்று உண்டு. அது மூன்று முதல் ஆறு வாரம் வரை நீளும் என்பதும், அக்காலத்தில் தொட்டியில் மீன் இருக்க வேண்டிய தேவையில்லை என்பதும் நம்மில் பலர் அறியாத செய்திகள்.

நீருக்குள் நடப்பது

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய உணவும், அழுகும் இலையும், மீனின் எச்சமும் அதே அம்மோனியாவைத் தருகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் நீரின் பரப்பு பெரிது. மீனின் எண்ணிக்கை அதற்கேற்பச் சிறிது. இரண்டடித் தொட்டியிலோ நாற்பத்தைந்து லிட்டர் நீருக்குள் பத்து உயிர்கள் அடைபட்டிருக்கின்றன. வெளியேற வழியற்ற அம்மோனியா நாள்தோறும் ஏறுகிறது. செவுள்கள் எரிந்து சிவக்கின்றன. மீன் மூச்சுவிடத் தவிக்கிறது.

நீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கும்போதே இவையனைத்தும் நடைபெறும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அம்மோனியாவுக்கு நிறமில்லை, மீனைக் கொல்லும் அளவில் அதன் மணமும் நம் மூக்குக்கு எட்டாது. தெளிந்த நீரே நல்ல நீர் என்னும் நம் பழைய நம்பிக்கை இங்கு உதவுவதில்லை.

நீரிலுள்ள அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று கடுநஞ்சாகிய அம்மோனியா. மற்றொன்று அவ்வளவு தீங்கு செய்யாத அம்மோனியம். இவ்விரண்டின் விகிதத்தை நீரின் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பங்கே நஞ்சு வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் அப்பங்கு ஆறரை விழுக்காடாகிவிடும். அதாவது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரைப் பயன்படுத்தும் வீட்டில் மீன்கள் விரைவில் மடிவதும், மென்மையான ஏரிநீர் வரும் வீட்டில் அதே எண்ணிக்கை மீன்கள் தப்பிப் பிழைப்பதும் இதனால்தான். 'எதிர் வீட்டில் பிழைத்ததே, நம் வீட்டில் ஏன் பிழைக்கவில்லை?' என்னும் கேள்விக்கு விடை பல வேளைகளில் குழாய்நீரில்தான் இருக்கிறது.

இந்த அம்மோனியாவை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் உள்ளன. ஒரு வகை அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பெயர்களின் ஒற்றுமை கண்டு மயங்கலாகாது. நைட்ரைட் மீனின் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் அதன் ஆற்றலைப் பறித்துவிடும். நஞ்சுண்ட மீனின் இரத்தம் பழுப்பு நிறமாகும். நைட்ரேட்டோ லிட்டருக்கு 40 மில்லிகிராம் வரை பெரும்பாலான மீன்களுக்குத் துன்பம் தருவதில்லை; வாரந்தோறும் கால்வாசி நீரை மாற்றினாலே அது கட்டுக்குள் நிற்கும். ஆகவே, தொட்டியைப் பழக்குதல் என்பது இந்த இருவகை நுண்ணுயிர்களையும் மீன் வருவதற்கு முன்பே போதிய அளவில் குடியமர்த்துவதாகும்.

தந்தையும் மகனும்

இந்த அறிவு நமக்குக் கிடைத்த வரலாற்றில் ஒரு குடும்பத்தின் பெயர் இருமுறை வருகிறது. இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1850ஆம் ஆண்டில், செடியும் மீனும் நத்தையும் சேர்ந்து வாழும் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்று ஆக்சிஜன் தரும்; அழுகும் இலையை நத்தை தின்னும்; ஆகையால் நீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் கண்ட சமநிலை. இன்றைய வீட்டு மீன்தொட்டிக்கு அதுவே முன்னோடி. ஆனால் அந்தச் சமநிலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் தரப்பு ஒன்று உழைத்துக்கொண்டிருப்பதை அன்று எவரும் அறியவில்லை.

அவருடைய மகன் பெயரும் இராபர்ட் வாரிங்டன்தான். இங்கிலாந்தின் ரொத்தாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவர், மண்ணில் அம்மோனியா எவ்வாறு நைட்ரேட்டாகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அம்மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்கிறது என்பதையும், ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு உயிர்கள் உள்ளன என்பதையும் அவர் காட்டினார். அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் அவரால் இயலவில்லை. 1890ஆம் ஆண்டளவில் இரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி அதனைச் செய்து முடித்தார். தந்தை தொட்டியை வைத்தார். அத்தொட்டி ஏன் நிலைத்தது என்பதற்கான விடையை மகன் மண்ணில் தேடிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்போடு வேதியியலுக்கு விடைகொடுத்து வணிகவியல் பயின்ற எனக்கு இந்த ஆய்வுகளின் நுட்பமெல்லாம் பிடிபடுவதில்லை. எனினும் இந்த உறவு என்னை வியக்க வைக்கிறது.

நைட்ரைட்டை மாற்றும் உயிர் நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. மீன்தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்பது 1998இல் தெரியவந்தது. அந்த இனத்திலேயே சில வகைகள் இரண்டு படிகளையும் தனித்தே செய்து முடிக்கின்றன என்பது 2015இல் கண்டறியப்பட்டது. கடைகளில் விற்கும் பல குப்பிகளின் சீட்டில் இன்றும் பழைய பெயரே அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம்.

பழக்கும் முறை

60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள இரண்டடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதன் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக, நீர் ஏறத்தாழ 45 லிட்டர் நிற்கும். நீரின் எடை மட்டுமே 45 கிலோ என்பதால் தொட்டியை வைக்கும் மேசை உறுதியானதாக இருக்கட்டும்.

மாநகராட்சிக் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது நாம் வளர்க்க விரும்பும் நுண்ணுயிர்களையும் கொல்லும். நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலோ, 'ஆன்டி குளோரின்' என்று கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்ஃபேட்டைச் சில துளிகள் சேர்த்தாலோ குளோரின் நீங்கிவிடும். லாரித் தண்ணீரில் சில நாள்களில் குளோரின் மிகுதியாக இருப்பதுண்டு. எனவே மணம் தெரியாவிட்டாலும் இதனைத் தவிர்க்கலாகாது.

அடுத்தது வடிகட்டி. இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து வாழ்பவை அல்ல; பஞ்சு, கல், மணல், கண்ணாடி ஆகியவற்றின் பரப்பில் ஒட்டி வாழ்பவை. அவற்றுக்கு ஆக்சிஜன் மிகுதியாகத் தேவை. ஆகையால் நீர் இடைவிடாமல் ஊடுருவிச் செல்லும் பஞ்சுதான் அவற்றின் முதன்மையான குடியிருப்பு. காற்று மோட்டாரால் இயங்கும் எளிய ஸ்பாஞ்சு வடிகட்டியே இரண்டடித் தொட்டிக்குப் போதும், விலையும் குறைவு. அதனை இரவில் நிறுத்துவது பலரிடம் உள்ள பழக்கம். பழக்கும் காலத்திலும் சரி, பின்னரும் சரி, அது நாள் முழுவதும் ஓட வேண்டும்.

இனி உணவு. மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியாவை நாமே அளந்து இட வேண்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுகவிடுவது பழைய முறை. அதில் எவ்வளவு அம்மோனியா உண்டாகிறது என்பது தெரியாது, நாற்றமும் எழும். அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம், இதற்கு மிகவும் ஏற்றது. ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் சரக்கில் பிற கலப்புகள் இருக்கக்கூடும். ஆய்வகத் தரத்தில் உள்ளதை இரசாயனப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்குவது நல்லது. 10 கிராம் நவச்சாரத்தை 500 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அதில் 14 மில்லிலிட்டரை 45 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்னும் அளவுக்கு வரும். இதற்கு மேல் இடுவதால் வேலை விரைவதில்லை. மாறாக, மிகையான அம்மோனியா இரண்டாம் படி உயிர்களைத் தடுத்து நிறுத்தும்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் அளக்கும் சோதனைக் குப்பிகள் தேவை. தாளை நனைத்துப் பார்க்கும் வகையைவிடத் துளி விட்டு நிறம் பார்க்கும் வகை நம்பத்தக்கது. மீன்களுக்குச் செலவிடும் தொகையைவிட இதற்கான செலவு மிகுதியாகத் தோன்றலாம். அடமானச் சொத்தைப் பார்வையிடாமல் எந்த வங்கியும் கடன் வழங்குவதில்லை. அளக்காமல் மீன் விடுவதும் அதனை ஒத்ததே.

முதல் நாள் 2 மில்லிகிராம் இட்ட பின் ஒரு வாரம் வரை ஒன்றும் நிகழ்வதாகத் தோன்றாது. இரண்டாம் மூன்றாம் நாளில் நீர் பால் கலந்தது போல் வெளுக்கலாம். அது வேறு வகை நுண்ணுயிர்களின் பெருக்கம், தானே தெளியும். அதற்காக நீரை மாற்றுவதும், கடையில் தரும் நீல மருந்தை ஊற்றுவதும் தவறு. அந்த மீத்திலீன் நீலம் நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் உயிர்களையே அழிக்கக்கூடியது.

ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் அம்மோனியா குறையத் தொடங்கி நைட்ரைட் தென்படும். அம்மோனியா ஒன்றுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் மீண்டும் 2 வரும் அளவுக்கு இட்டு வர வேண்டும். இவ்விடத்தில் கணக்குப் பார்க்கும் பழக்கமுள்ளோருக்கு ஓர் ஐயம் எழும். 2 மில்லிகிராம் அம்மோனியா முழுவதும் மறைந்தால் நைட்ரைட் 2 என்று காட்ட வேண்டாமா? அது ஐந்துக்கும் மேல் காட்டுகிறதே! நைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை மாறவில்லை. அவற்றோடு ஆக்சிஜன் சேர்ந்ததால் எடை கூடியிருக்கிறது. 2 மில்லிகிராம் அம்மோனியா ஏறத்தாழ 5.4 மில்லிகிராம் நைட்ரைட்டாகி, பின்னர் 7.3 மில்லிகிராம் நைட்ரேட்டாகிறது. வரவும் செலவும் ஒத்தே வருகின்றன. அளக்கும் நாணயம்தான் வேறு.

நைட்ரைட் ஏறி நிற்கும் இந்தக் கட்டமே பொறுமையைச் சோதிப்பது. இரண்டாம் படி உயிர்கள் முதற்படி உயிர்களைவிட மெதுவாகப் பெருகுகின்றன. இரண்டு வாரங்களுக்குச் சோதனைக் குழாய் அதே கருஞ்சிவப்பையோ ஊதாவையோ காட்டிக்கொண்டிருக்கலாம். எங்கள் கிளையில் வாடிக்கையாளர் அமரும் கூடத்தில் ஒரு தொட்டி வைத்தபோது இக்கட்டத்தில்தான் கேள்விகள் பெருகின. விளக்கு எரிகிறது, குமிழி வருகிறது, மீனை மட்டும் காணோம். ஓய்வூதியம் பெற வரும் பெரியவர் ஒருவர், "மீன் வாங்க மேலிடத்து ஒப்புதல் இன்னும் வரவில்லையா?" என்று கேட்டார். காசாளரும் ஒரு கட்டத்தில் நான்கு கப்பி மீன்களை மட்டுமாவது விடலாமே என்று பரிந்துரைத்தார். இத்தகைய பரிந்துரைகளுக்கு இணங்காதிருப்பதே இந்த வேலையின் கடினமான பகுதி. ஏனெனில் நைட்ரைட் ஒருநாள் ஏறக்குறைய திடீரென்று வீழும். அந்நாள் எது என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

2 மில்லிகிராம் அம்மோனியா இட்டு 24 மணி நேரத்திற்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியம் காட்டினால் தொட்டி பழகிவிட்டது எனக் கொள்ளலாம். ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் பார்ப்பது நல்லது.

உறைமோர்

இத்தனை வாரங்களைச் சில நாள்களாகச் சுருக்கும் வழி ஒன்று உண்டு. பாலைத் தயிராக்க நாம் உறைமோர் ஊற்றுகிறோம் அல்லவா? நெடுநாள் நன்கு நடைபெற்று வரும் ஒரு தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைச் சிறிது வெட்டி வாங்கி, ஈரம் உலராமல் கொண்டுவந்து, நம் வடிகட்டிக்குள் வைத்தால் வேண்டிய உயிர்கள் அனைத்தும் அதனுடனேயே வந்துவிடும். பத்து நாள்களுக்குள் தொட்டி பழகிவிடுவதும் உண்டு. பஞ்சு தரும் தொட்டியில் அண்மையில் நோயோ மருந்திடலோ இருந்திருக்கக் கூடாது. கடைத் தொட்டிகளில் புதுப் புது மீன்கள் வந்துபோவதால், நண்பர் வீட்டுத் தொட்டியே பாதுகாப்பானது. பழைய தொட்டியின் நீரை மட்டும் வாங்கி ஊற்றுவதால் பயன் மிகக் குறைவு. உயிர்கள் பஞ்சில்தான் இருக்கின்றன.

குப்பியில் அடைத்து விற்கும் நுண்ணுயிர்க் கரைசல்களைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். சில பயன் தருகின்றன, சில தருவதில்லை. இவை உயிருள்ளவை என்பதால் வெப்பத்தில் கிடந்த குப்பி பழுதாகியிருக்கக்கூடும். நம் நாட்டுக் கோடையில் சரக்கு லாரியிலும் கடையின் வெயில்படும் அடுக்கிலும் கிடந்த குப்பியை நம்புவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. ஊற்றினாலும் தீங்கில்லை, சோதனையை மட்டும் விட்டுவிடலாகாது.

வேலை நின்றுபோகும்போது

சில தொட்டிகளில் மூன்றாம் வாரத்தில் எல்லாம் அப்படியே நின்றுவிடும். முதலில் பார்க்க வேண்டியது நீரின் காரத்தன்மை. அம்மோனியாவை மாற்றும் செயலில் அமிலம் உண்டாகிறது. அதனை நீரிலுள்ள கார்பனேட்டுகள் தாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை இடும் 2 மில்லிகிராம் அம்மோனியாவும் லிட்டருக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராம் காரத்தன்மையைக் கரைக்கிறது. பத்து முறை இட்டால் 120. ஆழ்துளைக் கிணற்று நீரில் இந்த இருப்பு தாராளமாக உண்டு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரிலோ அநேகமாக இல்லை. 'மீனுக்கும் தூய நீரே தருவோம்' என்னும் நல்லெண்ணத்தில் ஆர்.ஓ. நீர் நிரப்பிய தொட்டியில், இரண்டு மூன்று முறை அம்மோனியா இட்டதுமே பி.எச். சரிந்து ஆறுக்கும் கீழே போய்விடலாம். அந்நிலையில் நுண்ணுயிர்கள் செயலற்றுவிடும். மும்பை போன்று ஏரிநீரை நம்பியுள்ள நகரங்களின் மென்னீரிலும் இதனைக் கவனிக்க வேண்டும். பரிகாரம் சமையலறையிலேயே இருக்கிறது. 5 கிராம் சமையல் சோடா 45 லிட்டர் நீரின் காரத்தன்மையை லிட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் உயர்த்தும். மீன் இல்லாத தொட்டியாதலால் அச்சமின்றி இடலாம்.

மற்றொரு காரணம் குளிர். இவ்வுயிர்கள் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் விரைந்து பெருகும். சென்னையிலும் கொச்சியிலும் உள்ளோர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தில்லியிலும் சண்டிகரிலும் சனவரி மாதத்தில் தொட்டி வைப்போர் ஹீட்டர் இன்றி இதில் இறங்கினால் காத்திருக்கும் காலம் இருமடங்காகிவிடும்.

மீன் ஏற்கெனவே தொட்டியில் இருந்தால்

இதனைப் படிப்போரில் சிலர் வீட்டில் மீன்கள் ஏற்கெனவே மேற்பரப்பில் தவித்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம். உணவை இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறு சிட்டிகையாகக் குறைத்து, நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கிய, ஒத்த வெப்பமுள்ள நீரால் மாற்றி வர வேண்டும். நுண்ணுயிர்கள் பஞ்சில் இருப்பதால் நீர் மாற்றுவது அவற்றைக் குறைப்பதில்லை. நைட்ரைட் காணப்படுமாயின், அயோடின் சேராத கல்லுப்பை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியே உட்புகுவதைத் தடுக்கும். காற்று மோட்டாரின் வேகத்தைக் கூட்ட வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு வாரங்களைக் கடத்திவிட்டால் மீன்களில் பல பிழைத்துவிடும். புதிய மீன் எதையும் அதுவரை சேர்க்கலாகாது.

தொழிலாகச் செய்வோருக்கு

வீட்டுத் தொட்டியில் இழப்பது சில நூறு ரூபாயும் ஒரு குழந்தையின் மகிழ்ச்சியும். அலங்கார மீன் வளர்ப்பைத் தொழிலாகக் கொள்வோருக்கு இதே அறியாமை முதலையே தின்றுவிடுகிறது. சென்னையின் கொளத்தூரும் கொல்கத்தாவும் மும்பையும் இத்தொழிலின் பெரிய சந்தைகள். 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் புறக்கடையில் அமைக்கும் சிறு அலகுகளும் இடம்பெற்றிருந்தமையால், மகளிர் பலர் கடனுக்காக எங்களை அணுகினர். அத்திட்டத்தில் அலகுச் செலவில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டிருந்தது.

இத்தகைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது நான் காணும் திட்ட அறிக்கைகளில் தொட்டி, கூரை, மோட்டார், மீன்குஞ்சு, தீவனம் ஆகிய எல்லாவற்றுக்கும் தொகை குறிக்கப்பட்டிருக்கும். தொட்டி கட்டி முடிந்த நாளுக்கும் குஞ்சு வாங்கும் நாளுக்கும் இடையே ஒரு வார இடைவெளி கூட இருப்பதில்லை. புதுச் சிமென்ட் தொட்டியோ கண்ணாடித் தொட்டியைவிடக் கொடியது. சிமென்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் பி.எச். அளவை உயர்த்தும், உயர்ந்த பி.எச்.இல் அம்மோனியாவின் நஞ்சு எத்தனை மடங்காகும் என்பதை மேலே கண்டோம். தொட்டியை நிரப்பியும் வடித்தும் மூன்று வாரமாவது சுண்ணாம்பைக் கழித்து, பி.எச். அளந்து பார்த்து, அதன் பின்னரே வடிகட்டியைப் பழக்கத் தொடங்க வேண்டும். ஆகவே கட்டுமானத்துக்கு ஒரு தவணையும், வடிகட்டி பழகிய பின் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் மற்றொரு தவணையுமாகக் கடன் தொகையைப் பெறுமாறு விண்ணப்பதாரர்களிடம் நான் வற்புறுத்துகிறேன். திருப்பிச் செலுத்தும் கால அட்டவணையிலும் இந்த இரண்டு மாதங்களைத் தொடக்கத்திலேயே விடுப்புக் காலமாகக் கேட்டுப் பெறலாம். கேட்டால் மறுக்கும் அதிகாரி அரிதே, கேட்போர்தான் குறைவு. முதல் தொகுதிக் குஞ்சுகள் மடிந்த பின் தவணையை ஒத்திவைக்கக் கோரி வருவதைவிட இது இரு தரப்பினருக்கும் நலம் பயப்பது.

மீன் வரும் நாள்

பழகிய தொட்டியில் இப்போது நைட்ரேட் மிகுந்திருக்கும். முக்கால்வாசி நீரை மாற்றி, 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்து, மறுநாள் மீன் வாங்கலாம். மீன் வாங்க நாளாகுமெனில் அதுவரை அம்மோனியாவைச் சிறிதளவு இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினி கிடந்தால் நுண்ணுயிர்கள் குறைந்துவிடும்.

இரண்டடித் தொட்டிக்கு முதலில் ஐந்தாறு சிறு மீன்கள் போதும். நம் கங்கைச் சமவெளி ஓடைகளுக்கே உரிய வரிக்குதிரை டேனியோ உறுதியானது. கப்பியும் பிளாட்டியும் ஏற்றவை. தங்கமீன் அழகியதே, ஆனால் அதன் கழிவு மிகுதி, இந்த அளவுத் தொட்டி அதற்குப் போதாது. பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். கடை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். முதல் வாரம் நாள்தோறும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, இரண்டும் சுழியத்திலேயே நிற்பின், இரண்டு வாரங்களுக்குப் பின் மேலும் நான்கைந்து மீன்களைச் சேர்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரெனத் தேய்க்கும் வழக்கம் நம் இல்லங்களில் பரவலாக உண்டு. ஐந்து வாரம் காத்து வளர்த்த குடியிருப்பு அந்த ஒரு கழுவலில் போய்விடும். மறுநாள் முதல் அது மீண்டும் புதுத் தொட்டியே. பஞ்சில் நீரோட்டம் குறைந்தால் மட்டும், மாற்றுவதற்கென எடுத்த தொட்டி நீரிலேயே ஒரு வாளியில் இரண்டு மூன்று முறை பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். பழுப்பு நிறம் நீங்க வேண்டியதில்லை. மின்வெட்டு நீளும் ஊர்களில் மின்கலத்தால் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்றை வாங்கி வைப்பது அவசியம். காற்றின்றிச் சில மணி நேரம் கிடந்தாலே பஞ்சிலுள்ள உயிர்கள் நலியத் தொடங்கும். மின்சாரம் வந்த பின் ஓரிரு நாள்களுக்கு உணவைப் பாதியாகக் குறைத்து, நைட்ரைட்டை ஒருமுறை அளந்து பார்க்கவும்.